வாசல் தொட்டியில் வெங்காயத்தாள்: வளர்க்கலாம், சமைக்கலாம்



போன வருஷம் பங்குனி மாதக் கூட்டமைப்புக் கூட்டம். சேமிப்பு, உள்கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு நம் உறுப்பினர் ஒருவர் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே பச்சைப் பசேலென்று, புல் மாதிரி மெல்லிசாக ஒரு கட்டு இலை.

"நான் சமையல் வேலை பார்க்கிற வீட்டுல இதை வாங்கி வைக்கிறாங்க. ஆம்லெட் மேல பொடிசா நறுக்கிப் போடச் சொல்றாங்க. பேரு சைவ்ஸாம். வாசனை பார்த்தா நம்ம வெங்காயத்தாள் மாதிரிதான் இருக்கு. இத்தனூண்டு கட்டுக்கு அவ்வளவு விலை சொல்றாங்களே, நாமளே வளர்க்க முடியாதா?" என்று கேட்டார்.

பெட்டி கைக்குக் கை போனது. அப்போது இன்னொரு குழுவின் பிரதிநிதி சொன்னார்: "எங்க தெருவுக்குப் போன வாரம் ஒருத்தர் வந்தார். வெளிநாட்டுக் கீரை விதை நாங்க தர்றோம், முன்பணம் மட்டும் கட்டுங்க, விளைஞ்சதை நாங்களே எடுத்துக்கறோம்னு சொன்னார். ரெண்டு பேர் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க."

ஆக, கேள்வி இரண்டு ஆகிவிட்டது. இதை நம் வீட்டில் வளர்க்க முடியுமா? இதில் பணம் போடலாமா? அன்று யாரும் கடன் கொடுக்கவில்லை. "முதல்ல ஆளுக்கு ஒரு தொட்டி வச்சுப் பார்ப்போம், அப்புறம் பேசலாம்" என்று முடிவானது. ஒரு வருஷம் வளர்த்துப் பார்த்ததில் நாங்கள் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். செலவு இல்லாமல் தொடங்க வழி இருக்கிறது. அதற்கு வெளிநாட்டு விதை தேவையில்லை, நம் சமையலறைக் கூடையில் இருக்கும் சின்ன வெங்காயமே போதும்.

மூன்று இலை, மூன்று குணம்

வெங்காயம், பூண்டு இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்தக் குடும்பத்தில் இலைக்காக வளர்க்கப்படுபவை சில உண்டு. நாம் குழம்பிக்கொள்ளக் கூடியவை மூன்று.

முதலாவது சைவ்ஸ். இலை ஊசி போல மெல்லிசு, உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருக்கும். பூ ஊதா நிறம். ஐரோப்பிய சமையலில் முட்டை, உருளைக்கிழங்கு, சூப் இவற்றின் மேல் தூவுவார்கள். இது குளிர்ப் பிரதேசத்துச் செடி. ஒருமுறை நட்டால் பல வருஷம் இருக்கும், ஆனால் குளிர்ச்சி வேண்டும்.

இரண்டாவது பூண்டு வாசம் அடிக்கும் தட்டை இலை. பூ வெள்ளை. கொரியாக்காரர்கள் இதைப் புச்சு என்பார்கள், ஜப்பானியர்கள் நிரா என்பார்கள், மலேசியாவில் கூச்சாய் என்பார்கள். 1998ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து நம் பக்கத்துக்குக் கொரியர்கள் நிறைய பேர் வந்து தங்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொரிய எழுத்தில் பெயர்ப் பலகை வைத்த ஓட்டல்களை எல்லோரும் பார்த்திருப்போம். மாவில் இந்த இலையைக் கலந்து அடை மாதிரி தட்டிச் சுடுவது அவர்கள் வழக்கம். இதெல்லாம் அயல்நாட்டுச் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே மணிப்பூரில் 'மரோய்' என்ற பெயரில் இந்த வகை இலைகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து அன்றாடச் சமையலில் சேர்க்கிறார்கள். வெயிலை இது சைவ்ஸைவிட நன்றாகத் தாங்கும்.

மூன்றாவது நம் வெங்காயத்தாள். சின்ன வெங்காயத்தை மண்ணில் ஊன்றினால் மேலே வரும் தாள். ஃபிரைடு ரைஸ் கடைக்காரர் ஸ்பிரிங் ஆனியன் என்று சொல்லித் தூவுவதும் இந்த இனம்தான். நம் ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது. பெரம்பலூர், திண்டுக்கல், நாமக்கல் பக்கமெல்லாம் ஏக்கர் கணக்கில் சின்ன வெங்காயம் போடுகிறார்களே, அதே வெங்காயம்தான்.

நாங்கள் மூன்றையும் வைத்தோம். சித்திரை மாதத்தில் தூவிய சைவ்ஸ் விதை சில தொட்டிகளில் முளைக்கவே இல்லை. முளைத்ததும் அக்கினி நட்சத்திரத்தில் நுனி காய்ந்து படுத்துவிட்டது. விதைமேல் குறையில்லை, காலம் தவறியது எங்கள் தவறு. பூண்டு வாசக் கீரை மெதுவாக வந்தாலும் நின்றது. சின்ன வெங்காயம் மட்டும் 3 வாரத்தில் சட்டிக்கு வந்துவிட்டது. அதனால் எங்கள் யோசனை: முதலில் வெங்காயத்தாள், கை பழகிய பிறகு பூண்டு வாசக் கீரை, ஆசை இருந்தால் மார்கழியில் சைவ்ஸ்.

தொட்டி வாங்கும்போது ஜாக்கிரதை

நம் பக்கம் கம்பெனிகள் நிறைய. ஸ்கிராப் கடையில் நீலக் கேன், பெரிய வாளி, டிரம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். பாதியாக அறுத்துச் செடி வைக்கத் தோன்றும். பூச்செடிக்கு என்றால் உங்கள் விருப்பம். சாப்பிடும் கீரைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கேனில் முன்பு ஆசிட் இருந்ததா, எந்திர எண்ணெய் இருந்ததா, பெயின்ட் கரைப்பான் இருந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதாகப் போகாது. பெயின்ட் டப்பாவும் அப்படித்தான்.

வேறு என்ன செய்யலாம்? பழைய மண் தொட்டி, ஓட்டையான பிளாஸ்டிக் பக்கெட், தண்ணீர் கேனில் வெடித்துப்போனது, அரிசி வந்த சாக்கு, எண்ணெய் தீர்ந்த சமையல் எண்ணெய் டின், இவை போதும். வெங்காயத்துக்கு வேர் ஆழமாகப் போகாது. முக்கால் சாண் ஆழம் இருந்தால் தாராளம். ஆனால் அடியில் விரல் நுழையும் அளவுக்கு நாலைந்து ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வெங்காயம் அடியிலிருந்து அழுகிவிடும்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாடியில் தண்ணீர் ஒழுகித் தளம் கெட்டுப்போகும் என்பது அவர்கள் பயம். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து, ஒரு பழைய தட்டையும் வைத்தால் அந்தப் பயம் போகும். மாடி இல்லாதவர்களுக்கு ஜன்னல் கம்பி, வாசல் படி ஓரம், பால்கனிச் சுவர் போதும். தினமும் 4, 5 மணி நேரம் வெயில் படுகிற இடமா என்று மட்டும் பாருங்கள். நிழலில் வைத்தால் தாள் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

மண்ணும் தண்ணீரும்

ஏரி ஓரத்துக் களிமண்ணை அப்படியே அள்ளிப் போடக்கூடாது. நனைந்தால் களியாகும், காய்ந்தால் செங்கல்லாகும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க் கழிவு கலந்துகொள்ளுங்கள். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் வேர்ப்புழு அண்டாது. பச்சைச் சாணம் போடாதீர்கள், சூடு கிளம்பி வேரைப் பொசுக்கிவிடும். கம்பெனிச் சுவர் ஓரத்திலிருந்தோ கழிவு கொட்டும் இடத்திலிருந்தோ மண் எடுக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் எங்களில் பலரும் ஒரே தவறு செய்தோம். வீட்டில் ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் தொட்டிக்கு ஊற்றினோம். 10 நாளில் தாள் நுனி எல்லாம் மஞ்சளாகிக் கருகிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆர்.ஓ. மிஷின் நல்ல தண்ணீரை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, உப்பை எல்லாம் இன்னொரு பக்கம் தள்ளுகிறது. வெங்காயக் குடும்பத்துச் செடிகள் உப்பைத் தாங்காதவை. அந்தத் தண்ணீரை வாசல் கழுவ, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், பருப்பு ஊறவைத்த தண்ணீர் ஊற்றுங்கள். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் மூடி வைத்தால் உதவும். மூடாமல் வைத்தால் கொசுதான் வளரும்.

எவ்வளவு ஊற்றுவது? விரலை ஒரு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம், காய்ந்திருந்தால் ஒரு சொம்பு. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு முறை ஊற்றினால் போதும். கோடையில் மட்டும் காலை, மாலை இருவேளை வேண்டியிருக்கும்.

நடும் முறை

தேவையானவை: ஓர் அடி அகலத் தொட்டி ஒன்று, சின்ன வெங்காயம் 20 முதல் 25, கலந்த மண்.

வெங்காயத்தைப் பொறுக்குவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். புதிதாக அறுவடையாகி வந்த பளபளப்பான வெங்காயம் உடனே முளைக்காது. அதற்கு ஒன்றரை இரண்டு மாதம் உறக்கக் காலம் உண்டு. கூடை அடியில் கிடந்து, நுனியில் பச்சை எட்டிப் பார்க்கிறதே, நாம் 'முளைச்சிடுச்சு' என்று முகம் சுளித்துத் தூக்கிப் போடுவோமே, அதுதான் நமக்கு வேண்டிய விதை. தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினாலோ கருப்பு பூஞ்சணம் பிடித்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

மண்ணை நனைத்து, வேர்ப் பக்கம் கீழே இருக்கும்படி மூன்று விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுதாகப் புதைத்தால் அழுகும். நாலைந்து நாளில் முளை வரும். 3 வாரத்தில் ஒரு சாண் உயரம் வந்துவிடும்.

முதல் அறுப்புக்கு மண்ணே வேண்டாம் என்றும் சொல்லலாம். வெங்காயம் தனக்கான சாப்பாட்டைத் தன் குமிழிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. அதனால்தான் கூடையில் கிடந்தபடியே முளைக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் வேர் மட்டும் படும்படி வைத்தாலும் தாள் வரும். ஆனால் சேர்த்து வைத்தது தீர்ந்ததும் நின்றுவிடும். தொடர்ந்து வேண்டுமானால் மண்ணும் எருவும்தான் வழி. 15 நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவுங்கள்.

அறுக்கும் முறை

இந்தச் செடிகளின் இலை நுனியில் வளர்வதில்லை, அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் நுனியை வெட்டினால் செடி சாகாது. அடியை ஒட்ட வெட்டினால்தான் ஆபத்து. இரண்டு விரல் உயரம் விட்டு, கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கையால் பிடுங்கினால் குமிழே அசைந்துவிடும்.

எல்லாச் செடியையும் ஒரே நாளில் மொட்டை அடிக்காதீர்கள். தொட்டியை மனசில் மூன்று பாகமாகப் பிரித்துக்கொண்டு வாரம் ஒரு பாகம் அறுத்தால், கடைசிப் பாகம் முடியும்போது முதல் பாகம் மறுபடி தழைத்துவிடும். ஒரு வெங்காயத்திலிருந்து மூன்று முறை நன்றாக அறுக்கலாம். அதற்கு மேல் தாள் மெலிந்து போகும். அப்போது வெங்காயத்தை மாற்றிவிடுங்கள். இரண்டு தொட்டி வைத்து, ஒரு மாத இடைவெளியில் நட்டால் தாள் இல்லாத வாரமே வராது.

நாலைந்து செடியை அறுக்காமல் விட்டு வையுங்கள். சின்ன வெங்காயம் ஒன்று பலவாகப் பிரிகிற இனம். 65, 70 நாளில் தாள் சாய்ந்து காயும்போது தோண்டினால் ஒவ்வொன்றின் அடியிலும் கொத்தாக வெங்காயம் இருக்கும். நிழலில் உலர்த்தி வைத்தால் அதுவே அடுத்த முறைக்கு விதை. கடைக்குப் போக வேண்டாம்.

பூண்டுப் பல்லையும் இப்படியே ஊன்றலாம். நம் வெப்பத்துக்குப் பூண்டு கட்டாது. அதெல்லாம் கொடைக்கானல், ஊட்டி மலையில்தான். ஆனால் தாள் வரும். ரசத்துக்கும் துவையலுக்கும் அருமையான வாசனை.

பூண்டு வாசக் கீரை வைக்க

விதையாகப் போட்டால் பொறுமை வேண்டும். கருப்பாக, வெங்காய விதை மாதிரியே இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் பழசானால் முளைப்புத் திறன் குறைந்துவிடும், பாக்கெட் மேல் தேதி பார்த்து வாங்குங்கள். அரை விரல்கட்டை ஆழத்தில் தூவி, மேலே ஈரத்துணி போட்டு மூடினால் 10 நாளிலிருந்து 20 நாளுக்குள் முளைக்கும். முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். முதல் அறுப்புக்கு மூன்று நாலு மாதம் ஆகும். அவசரப்பட்டு முன்பே அறுத்தால் செடி இளைத்துப் போகும்.

சுலப வழி, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஒரு தூர் வாங்கிப் பிரித்து நடுவது. ஒரு தூரில் பத்துப் பதினைந்து செடி இருக்கும். வெள்ளைப் பூ வந்தால் கிள்ளிச் சமையலில் போடுங்கள். விட்டால் விதை கொட்டிப் பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைத்துவிடும். தூர் அடைத்துக்கொண்டால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து நட வேண்டும். நம் ஒரு குழுவில் இருந்த ஒரு தூர் இப்போது ஏழு வீட்டில் இருக்கிறது.

எந்த மாதம் எப்படி

தை, மாசி: மிக நல்ல காலம். எல்லாம் தழைக்கும். சைவ்ஸ் விதை போட ஆசை இருந்தால் மார்கழி, தை மாதத்தில் போட்டுப் பாருங்கள்.

சித்திரை, வைகாசி: மதியம் 11 மணி முதல் 3 மணி வரை நிழல் வேண்டும். ஒரு பழைய வெள்ளைச் சேலையைக் கொடியில் கட்டிவிட்டால் போதும். புது விதை போட வேண்டாம்.

ஆடி, ஆவணி: வெங்காயம் ஊன்றலாம். ஆடிக் காற்றுக்குத் தாள் ஒடியும், சுவர் ஓரம் நகர்த்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். நம் வீட்டில் வெங்காயத்தாள் அழுகிப் போவது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான்.

பூச்சி வந்தால்

தாளில் வெள்ளிக் கோடு மாதிரி கீறல் தெரிந்தால் அது இலைப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி, தாள் இடுக்கில் ஒளிந்து சாறு உறிஞ்சும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்கு இரண்டு சொட்டு சோப்புக் கரைசலும் விட்டு, நன்றாகக் குலுக்கிச் சாயங்கால வேளையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம். தெளித்த பிறகு நாலைந்து நாள் கழித்து, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். ஊதாக் கலர் புள்ளி விழுந்து தாள் கருகினால் அது பூஞ்சணம். அந்தத் தாளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, தண்ணீரைத் தாள்மேல் ஊற்றாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551ல் தமிழிலேயே கேட்கலாம். காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. மாடித் தோட்டத்துக்கு மானியத்தில் ஏதாவது கிடைக்குமா என்று நம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

முகர்ந்து பார்த்த பிறகே வாயில் வை

இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நம் தெருக்களில் காம்பவுண்டு ஓரமாக ரெயின் லில்லி என்று ஒரு பூச்செடி வளர்க்கிறார்கள். மழை பெய்தால் வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ பூக்கும். பூக்காத நேரத்தில் அதன் இலை அச்சு அசலாக இந்தக் கீரைகள் மாதிரியே இருக்கும். அடியில் சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கும் உண்டு. அது விஷம். சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே வழி வாசனை. இலையைக் கசக்கி முகருங்கள். வெங்காயமோ பூண்டோ மணக்கவில்லை என்றால் சாப்பிடும் கீரை இல்லை. பூச்செடியையும் கீரையையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள், அறுக்கும்போது வெங்காய வாசம் கையில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும். வேறு யாராவது கொடுத்த செடி என்றாலும் நீங்களே ஒரு முறை முகர்ந்து பாருங்கள். இன்னொன்று: வீட்டில் நாய், பூனை இருந்தால் வெங்காயத்தாள் அவற்றுக்கு ஆகாது, எட்டாத இடத்தில் வையுங்கள்.

சமையலில்

பச்சைத் தாளில் வைட்டமின் ஏ, சி, கே சத்துக்கள் இருக்கின்றன. வெங்காயத்தைவிட இவை தாளில் அதிகம். ஆனால் சர்க்கரை போகும், ரத்த அழுத்தம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரை வகைகளைக் கூடுதலாகச் சேர்க்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

தாளின் வாசனை சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். அதனால் அடுப்பை அணைக்கும் முன் கடைசியில் போட வேண்டும்.

வெங்காயத்தாள் பாசிப்பருப்புக் கூட்டு: பாசிப்பருப்பு அரை டம்ளர், பொடியாக நறுக்கிய தாள் இரண்டு கைப்பிடி, தேங்காய்த் துருவல் 2 ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், பச்சை மிளகாய் 2, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, உப்பு தேவையான அளவு. பருப்பை மஞ்சள் தூள் போட்டுக் குழையாமல் வேகவையுங்கள். தேங்காய், சீரகம், மிளகாயை அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. உப்பும் தாளும் போட்டு 2 நிமிடத்தில் இறக்கி, கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள்.

வெங்காயத்தாள் அடை: மீந்துபோன தோசை மாவு இரண்டு கரண்டி, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, ஒரு கைப்பிடி நீளவாக்கில் நறுக்கிய தாள், பச்சை மிளகாய், உப்பு. கலந்து கெட்டியாகத் தட்டி, இருபக்கமும் சிவக்க விடுங்கள். கொரியாக்காரர்கள் கோதுமை மாவில் செய்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிள்ளைகள் டிபன் டப்பா காலியாகத் திரும்பி வரும்.

வெங்காயத்துக்கு முழு மாற்று என்று சொல்ல மாட்டோம். சாம்பாருக்கு வெங்காயம் வெங்காயம்தான். ஆனால் 2019 நவம்பர், டிசம்பரில் பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் கப்பலில் வரவழைத்தது ஞாபகம் இருக்கும். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடிவிட்டு, நம் பக்கத்துத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டதையும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாட்களில் முட்டைக்கும் உப்புமாவுக்கும் அடைக்கும் தாள் கைகொடுக்கும். இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் ராத்திரி வந்து இறங்கும் நம் பெண்களுக்கு, கடை மூடியிருந்தாலும் ஜன்னலோரம் ஒரு கைப்பிடி பச்சை இருக்கும்.

பணம் போடலாமா?

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி விவகாரம் நடந்தது. பணம் கட்டுங்கள், குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனமும் தருகிறோம், மாதாமாதம் பணமும் வரும் என்றார்கள். நிறைய குடும்பங்கள் போட்ட பணத்தை இழந்தன. அங்கே கோழி, இங்கே கீரை. பேச்சு ஒன்றாக இருந்தால் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

யாராவது வந்து 'விதை வாங்குங்க, விளைச்சலை நாங்க எடுத்துக்கறோம்' என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: முன்பணம் இல்லாமல், விளைந்த பிறகு ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொள்வீர்களா? இரண்டு: இதே ஊர் வெயிலில், வைகாசி மாதத்தில் விளைந்து நிற்கும் ஒரு தொட்டியைக் காட்ட முடியுமா? மூன்று: நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள், அந்த இடத்தில் நாங்களே விசாரிக்கலாமா? பதில் தடுமாறினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் கணக்கு எழுதிப் பார்த்தோம். ஒரு வீட்டுத் தொட்டியில் வருவது வீட்டுக்குத்தான் சரியாக இருக்கிறது. இதை விற்று மாதம் ஆயிரம், இரண்டாயிரம் வரும் என்று எழுதினால் அது பொய். கடன் வாங்கிச் செய்யும் தொழிலாக இது எங்களுக்குப் படவில்லை. அன்று கடன் கேட்டு எழுதிக் கொடுத்த இருவரும் தங்கள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருவர் அந்தத் தொகையைப் பிறகு தையல் மிஷின் பழுது பார்க்க வாங்கி, இப்போது தவணை ஒழுங்காகக் கட்டி வருகிறார். அவர் வாசலிலும் மூன்று தொட்டி இருக்கிறது.

விற்க ஆசை இருப்பவர்கள் இப்படிச் செய்யலாம். 3 மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன செலவு, எத்தனை முறை அறுத்தோம், வீட்டுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. மிச்சம் தொடர்ந்து வந்தால் பக்கத்து டிபன் கடையிலும் மெஸ்ஸிலும் கேளுங்கள். தாளைவிட, பையில் வைத்து வளர்த்த பூண்டு வாசக் கீரைத் தூர் நல்ல விலைக்குப் போகலாம், வாடிப் போகும் பயமும் இல்லை. எதுவானாலும் கைக்காசில் தொடங்குங்கள். குழுப் பணத்தைத் தொட வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு

இன்று சமையலறைக் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். முளைத்த வெங்காயம் பத்தாவது கிடைக்கும். எறியாதீர்கள், ஊன்றி வையுங்கள். குன்றத்தூர், மாங்காடு, சோமங்கலம், படப்பை என்று எந்தக் குழுவாக இருந்தாலும் சரி, வெங்காயத்தாள் வைத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள். பூண்டு வாசக் கீரைத் தூர் மிச்சம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு பிரித்துக் கொண்டுவந்தால், இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் அடை சுட அடுப்பும் மாவும் எங்கள் பொறுப்பு.